குளிரில் பைக் ஓட்டும் கைக்கு எது சரி: தடித்த கிளவுஸா, ஹேண்டில் கவரா, சூடாகும் கிரிப்பா?

டிசம்பர் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். கோவையிலிருந்து விடியுமுன் ஊட்டிக்குக் கிளம்புகிறவர் கேட்பார். ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர் கேட்பார். அடுத்த ஆண்டு லடாக் போக இப்போதே லீவு சொல்லி வைத்திருப்பவரும் கேட்பார். கை விறைத்துப்போகிறது, எதை வாங்கலாம்?

கடைக்குப் போனால் இருப்பதிலேயே தடித்த கிளவுஸை எடுத்து நீட்டுவார்கள். இணையத்தில் தேடினால் சூடாகும் கிரிப் வந்து நிற்கும். இந்த இரண்டுமே முதலில் வாங்க வேண்டியவை இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

## குளிர் எங்கிருந்து வருகிறது

வெப்பமானி 5 டிகிரி காட்டுகிறது என்று வையுங்கள். வண்டி 60 கி.மீ. வேகத்தில் போனால், வெறும் தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போல உறைக்கும். அமெரிக்க, கனடா வானிலைத் துறைகள் 2001 முதல் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்த கணக்கு இது. 10 டிகிரியில் அதே வேகம் என்றால் 5 டிகிரி போலத் தோன்றும். அந்தச் சூத்திரம் முகத்தை வைத்து உருவாக்கப்பட்டது. ஆனாலும் கைக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள இது போதும்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 5 டிகிரியில் 80 கி.மீ. வேகத்தில் போனால் மைனஸ் 3 போல இருக்கும். 40-க்குக் குறைத்தால் மைனஸ் 1. வேகத்தைப் பாதியாக்கியும் லாபம் வெறும் இரண்டு டிகிரிதான். அதே நேரம் 60-இல் போகும்போது கையில் காற்றே படாமல் தடுத்துவிட்டால் ஏழு டிகிரி லாபம். ஒரு ரூபாய் மின்சாரச் செலவு இல்லாமல்.

காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் உலர்ந்த கை, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. நனைந்த கிளவுஸ் அப்படி இல்லை. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். மலையில் மூடுபனிக்குள் ஓட்டுகிறவருக்குக் குளிரைவிட ஈரம் பெரிய எதிரி.

அடுத்தது உடம்பு. விரல்களில் தசை மிகக் குறைவு. அவை தாமாக வெப்பம் உண்டாக்குவதில்லை. வருகிற ரத்தம்தான் அவற்றுக்கு அடுப்பு. நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்தால் உடம்பு முதலில் செய்கிற வேலை, கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, உள்ளுறுப்புகளைச் சூடாக வைத்துக்கொள்வது. ஜாக்கெட் ஜிப் பாதி திறந்திருக்க, கைக்கு மட்டும் விலை உயர்ந்த கிளவுஸ் போட்டால் பலன் இருக்காது. கழுத்துக்கு ஒரு மப்ளர், நெஞ்சில் காற்றுப் புகாத ஒரு அடுக்கு, மணிக்கட்டில் ஸ்லீவுக்கும் கிளவுஸுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் இருப்பது: இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். அந்தக் காலத்தில் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டினார்களே, அது சரியான யோசனைதான்.

## எதை வைத்து எடை போடுவது

நம் ஊர் மலைப் பயணத்துக்கு வெளிநாட்டு ஒப்பீடுகளில் வராத ஒரு அளவுகோல் உண்டு. லண்டனிலோ டொராண்டோவிலோ ஓட்டுகிறவர் வீட்டு வாசலிலேயே குளிரில் ஏறி, போய்ச் சேரும்வரை அதே குளிரில் போவார். நமக்கு அப்படி இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆக ஐம்பது கிலோமீட்டர் சாலையில் பன்னிரண்டு டிகிரி இறங்குகிறது. விடியற்காலையில் தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் குளிர்காற்று தேங்கி உறைபனி விழும். அங்கே இன்னும் மோசம். கீழே தடித்த கிளவுஸ் போட்டுக்கொண்டு கிளம்பினால் கல்லாறு தாண்டுவதற்குள் கை வியர்த்துவிடும். அந்த வியர்வை குன்னூருக்கு மேலே ஐஸாக வேலை செய்யும். அதனால் கழற்றி மாட்ட எவ்வளவு எளிது என்பதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

மற்றவை: காற்றைத் தடுக்கிறதா, மழை, மூடுபனியில் என்ன ஆகும், கிளட்ச், பிரேக் லிவரின் உணர்வு விரலுக்குத் தெரிகிறதா, வண்டியின் மின்சாரம் தாங்குமா, விழுந்தால் கைக்குப் பாதுகாப்பு உண்டா. லிவர் உணர்வை அலட்சியம் செய்யக் கூடாது. மலை இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில், விரல் மரத்துப்போனாலும் ஆபத்து. கிளவுஸ் தலையணை மாதிரி தடித்திருந்தாலும் ஆபத்து.

| வழி | காற்று | மழை | லிவர் உணர்வு | மின்சாரம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| ஹேண்ட் கார்டு | பாதி தடுக்கும் | ஓரளவு | மாறாது | வேண்டாம் | கண்ணாடி, கேபிள் இடிக்கலாம் |
| ஹேண்டில் கவர் | முழுக்கத் தடுக்கும் | நல்லது | நல்லது | வேண்டாம் | சுவிட்ச் தெரியாது, பழக நாளாகும் |
| குளிர்கால கிளவுஸ் | நல்லது | தரத்தைப் பொறுத்தது | குறையும் | வேண்டாம் | காய நேரம், இரண்டாவது ஜோடி |
| சூடாகும் கிரிப் | தடுக்காது | பொருட்டில்லை | நல்லது | 30–50 வாட் | ஒயரிங், வாரண்டி |
| சூடாகும் கிளவுஸ் | நல்லது | தரத்தைப் பொறுத்தது | குறையும் | பேட்டரி அல்லது வண்டி | சார்ஜ், பேட்டரி ஆயுள் |

## ஹேண்ட் கார்டு

அட்வென்ச்சர் வண்டிகளில் லிவருக்கு முன்னால் வருகிற பிளாஸ்டிக் தடுப்பு. கல்லும் கிளையும் கையில் படாமல் இருக்கத்தான் இதை வைக்கிறார்கள். ஆனால் விரல்களின் முன்பக்கத்தில் நேராக அடிக்கிற காற்றை ஒதுக்கிவிடுவது பெரிய உதவி. ஒருமுறை மாட்டினால் மறந்துவிடலாம். கீழே வெயிலில் இடைஞ்சல் இல்லை, மேலே குளிரில் பலன் உண்டு. நான் சொன்ன முதல் அளவுகோலில் இதற்குத்தான் முழு மதிப்பெண்.

சின்ன கார்டு வாங்கினால் அழகுக்கு மட்டும்தான் இருக்கும். கை முஷ்டியின் உயரத்தை முழுக்க மறைக்கிற அகலம் வேண்டும். மாட்டியதும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். டேங்கிலோ வைசரிலோ இடிக்கிறதா, பிரேக் ஹோஸ் மடங்குகிறதா, ஆக்ஸிலேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டு நகர வேண்டும்.

## ஹேண்டில் கவர்

ஹேண்டிலோடு கட்டிவைக்கிற பெரிய உறை. கை அதற்குள்ளே போய் கிரிப்பையும் லிவரையும் பிடிக்கும். டெல்லி, பஞ்சாப், காஷ்மீர் பக்கம் குளிர்காலத்தில் இதைப் பார்க்கலாம். ஜப்பான், சீனா, கொரியாவில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது சாதாரணப் பொருள். பாரிஸ், மிலான் நகரங்களிலும் ஸ்கூட்டர்களில் மாட்டியிருப்பார்கள். நம் நீலகிரியில் மட்டும் ஏனோ இதற்கு மவுசு இல்லை. காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: பார்க்க நன்றாக இருக்காது.

காசுக்கு இதைவிடப் பலன் தருகிற பொருள் இந்தப் பட்டியலில் கிடையாது. உள்ளே காற்றே வராது. கை தன் சூட்டிலேயே உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கிக்கொள்ளும். அதனால் மெல்லிய கிளவுஸ் போதும்; மெல்லிய கிளவுஸ் என்றால் லிவர் உணர்வு அப்படியே இருக்கும். மழை வந்தாலும் கை நனையாது. அதிகாலையில் பால் எடுத்துப் போகிறவர், பேப்பர் போடுகிறவர், எஸ்டேட் வேலைக்குப் போகிறவர், உணவு டெலிவரி செய்கிறவர் எல்லாரும் ஒரு நாளில் பல முறை இறங்கி ஏறுவார்கள். கிளவுஸை மாட்டிக் கழற்றியே நேரம் போகும். கவர் என்றால் கையை உருவினால் முடிந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இண்டிகேட்டர், ஹாரன் சுவிட்சுகள் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குப் பழக வேண்டும். கால் ஊன்றி, ஒரு கையை எடுத்து முகக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப நுழைக்கும்போது தடுமாறினால் சிக்னலில் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அதைவிட முக்கியமானது: துணி மெலிதாகவும் தொளதொளவென்றும் இருந்தால், வேகமாகப் போகும்போது காற்று அதை அழுத்தி லிவர் மேல் சாய்க்கும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும். கிளட்ச் லேசாக அமுங்கி வழுக்கும். உள்ளே விறைப்பான அட்டையோ பிளாஸ்டிக்கோ தைத்த கவரைத்தான் வாங்க வேண்டும். ஹேண்ட் கார்டு இருக்கும் வண்டியில் அதன் மேலேயே கவரை இழுத்துக் கட்டினால் இந்தத் தொல்லை இருக்காது. வண்டி சாயும்போது கை சட்டென்று வெளியே வர வேண்டும்; வாய்ப்பகுதி இறுக்கமாக இருப்பதை வாங்காதீர்கள்.

கவர் இருக்கிறதே என்று வெறுங்கையோடு ஓட்டுகிறவர்களும் உண்டு. விழுந்தால் கவர் காப்பாற்றாது. உள்ளே ஒரு கிளவுஸ் இருந்தே ஆக வேண்டும்.

## குளிர்கால கிளவுஸ்

எல்லாருக்கும் தெரிந்த வழி, எல்லாரும் தவறாக வாங்குகிற வழியும் இதுதான். இறுக்கமான கிளவுஸ் குளிரும். சூட்டைப் பிடித்துவைப்பது துணி அல்ல, துணிக்குள் சிக்கியிருக்கும் காற்று. அந்தக் காற்றுக்கு இடம் இல்லாமல் விரலைப் பிடித்தால் ரத்த ஓட்டமும் குறையும். ஏற்கெனவே இறுக்கமான கிளவுஸுக்குள் இன்னொரு கம்பளி கிளவுஸைத் திணிப்பவர்களுக்கு இதனால்தான் இன்னும் குளிர்கிறது. விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருக்கிற அளவு வேண்டும். உள்ளே மெல்லிய லைனர் போடுவதாக இருந்தால் லைனரோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியன் மார்க்கெட்டில் கிடைக்கும் கம்பளி கிளவுஸ் நடக்கிறவருக்கு அருமை. வண்டிக்கு அது மட்டும் போதாது. பின்னலுக்குள் காற்று நேராகப் புகும், கிரிப்பில் வழுக்கும், விழுந்தால் ஒரு நொடியில் கிழியும். ஆனால் கொஞ்சம் பெரிய தோல் கிளவுஸுக்கு உள்ளே அதை லைனராகப் போட்டால் நல்ல ஜோடி. பைக்குக்கென்று வாங்குவதாக இருந்தால் இ.என். 13594 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு உள்ளதா என்று லேபிளைப் பாருங்கள்.

தண்ணீர் புகாத கிளவுஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அது தண்ணீரை உள்ளே விடாது, சரி. ஆனால் வெளித்துணி ஊறிக் கனக்கும். மலையில் ஓர் இரவில் காயாது. காய்ந்துவிட்டது என்று நம்பி மறுநாள் காலையில் ஈர கிளவுஸோடு கிளம்புவது, கிளவுஸே இல்லாமல் கிளம்புவதற்குக் கொஞ்சம்தான் பரவாயில்லை. ஈரக் கையை இழுத்துக் கழற்றினால் உள்துணியும் சேர்ந்து உருவி வந்துவிடும். திரும்ப விரல் நுழைக்கவே முடியாது. எனவே கிளவுஸ் வழியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு ஜோடியாகக் கணக்கு வையுங்கள். மழையில் ஜாக்கெட் ஸ்லீவ் கிளவுஸுக்கு மேலே இருக்கட்டும். உள்ளே இருந்தால் கை வழியாக வழிகிற தண்ணீர் கிளவுஸுக்குள் போய்ச் சேரும்.

அவசரத்துக்கு: மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நீல நிற நைட்ரைல் கிளவுஸை உள்ளே போட்டு, மேலே வழக்கமான கிளவுஸ் போட்டால் காற்று தோலில் படாது. கை வியர்க்கும், ஆனாலும் ஊர் போய்ச் சேரலாம்.

## சூடாகும் கிரிப்

கிரிப் ரப்பருக்குள் மின்கம்பி. வண்டி பேட்டரியிலிருந்து மின்சாரம். பி.எம்.டபிள்யூ ஜி.எஸ். போன்ற வண்டிகளில் கம்பெனியிலேயே வரும். மற்ற வண்டிகளுக்கு வெளியே வாங்கி மாட்டலாம்.

இது சூடாக்குவது உள்ளங்கையை. காற்று அடிப்பது புறங்கையில். ஹேண்ட் கார்டோ கவரோ இல்லாமல் இதை மட்டும் மாட்டியவர்கள் சொல்கிற புகார் ஒரே மாதிரிதான் இருக்கும்: உள்ளங்கை சுடுகிறது, விரல் நுனி விறைக்கிறது. உள்ளங்கைப் பக்கம் தடித்த பஞ்சு வைத்த கிளவுஸ் போட்டாலும் சூடு கைக்கு வராது. கவரும் இதுவும் சேர்ந்தால் மட்டும் சொர்க்கம்; இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்தாலே போதும்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். ஒரு ஜோடி முழுச் சூட்டில் 30 முதல் 50 வாட் வரை இழுக்கும். பழைய ஹாலஜன் ஹெட்லைட் அளவுக்கு இன்னொரு விளக்கு எரிவது போல. 2017 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. அந்தச் சுமை எப்போதும் இருக்கிறது. எல்.இ.டி. விளக்குள்ள பெரிய வண்டி என்றால் சமாளிக்கும். 100, 125 சி.சி. வண்டி, ஸ்கூட்டர்களில் ஸ்டேட்டரின், அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகத்தின், உற்பத்தியே குறைவு. சும்மா நிற்கும்போது இன்னும் குறையும். நெரிசலில் ஊர்ந்துகொண்டே கிரிப்பைச் சூடாக வைத்தால் பேட்டரி மெல்ல இறங்கும். காலையில் செல்ஃப் எடுக்காது. மாட்டுமுன் மேனுவலில் ஸ்டேட்டர் எத்தனை வாட் என்று பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம்.

மாட்டுகிற கூலி தனி. இக்னிஷன் போட்டால் மட்டும் வேலை செய்யும்படி ரிலே, அதற்கென்று ஒரு ஃபியூஸ், ஆக்ஸிலேட்டர் திரும்பும் பக்கத்தில் ஒயர் இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு. இந்த மூன்றையும் செய்யாமல் ஹெட்லைட் ஒயரை வெட்டி ஒட்டுகிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். வாரண்டியில் இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டினால், பின்னால் மின்சாரக் கோளாறு வரும்போது கம்பெனி கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். கிரிப்பின் பருமனும் கூடும். சின்னக் கை உள்ளவர்களுக்கு லிவர் எட்டுவது கஷ்டமாகலாம்.

## சூடாகும் கிளவுஸ், சூட்டுப் பொட்டலம்

சூடாகும் கிளவுஸில் கம்பி புறங்கையிலும் விரல்களைச் சுற்றியும் ஓடும். காற்று அடிக்கிற இடத்திலேயே சூடு. அந்த வகையில் கிரிப்பைவிட இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. பேட்டரி வகையில் முழுச் சூட்டில் வைத்தால் சில மணி நேரம் ஓடும். கடுங்குளிரில் லித்தியம் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். தினமும் இரண்டு பேட்டரி சார்ஜ் போட வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத மலைக் கிராமத்து அறையில் இது தலைவலி. விமானத்தில் போனால் கழற்றிய பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். வண்டியோடு ஒயரில் இணைக்கிற வகையில் இந்தக் கவலை இல்லை, ஆனால் இறங்கும்போதெல்லாம் பிளக்கைக் கழற்ற வேண்டும். விலையும் இந்தப் பட்டியலிலேயே மேலே நிற்கும்.

பிரித்ததும் சூடாகும் சிறு பொட்டலங்களில் இருப்பது இரும்புத் தூள். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வெளிவரும் வெப்பம்தான் அது. காற்றுப் புகாத கிளவுஸுக்குள் வைத்தால் மூச்சுமுட்டி ஆறிவிடும். ஆக்சிஜன் குறைந்த உயரத்திலும் அப்படித்தான். உள்ளங்கையில் வைக்காதீர்கள், பிடி தவறும். மணிக்கட்டின் உள்பக்கத்தில், துணிக்கு மேலே வைத்தால் சரி. நேராகத் தோலில் பட்டால் புண்ணாகும்.

## யாருக்கு எது

ஓசூர்–பெங்களூர் தினப் பயணம்: டிசம்பர் காலையில் 15 டிகிரி சுற்றிதான் இருக்கும். காற்றுப் புகாத சாதாரண தோல் கிளவுஸும் ஒழுங்காக ஜிப் போட்ட ஜாக்கெட்டும் போதும். மிச்சக் காசுக்கு டயரைப் பாருங்கள்.

கோவை–ஊட்டி ஞாயிற்றுக்கிழமைப் பயணம்: நல்ல அகலமான ஹேண்ட் கார்டு, வழக்கமான கிளவுஸ், பையில் உலர்ந்த லைனர் ஒரு ஜோடி. பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தும்போது லைனரைப் போட்டுக்கொள்ளலாம். அந்த டீயோடு சிகரெட் வேண்டாம், அது ரத்தக் குழாயைச் சுருக்கும். சூடான இன்ஜினைத் தொட்டுக் கை காய்ச்சுகிற பழக்கமும் வேண்டாம். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது.

பெங்களூரிலிருந்து பந்திப்பூர் வழியாக வருகிறவர்கள் கதை வேறு. காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். கேட் திறக்கும்போது போய் நிற்க வேண்டும் என்று நள்ளிரவில் கிளம்புவார்கள். ஆக நாளின் மிகக் குளிரான நேரம் முழுக்க நெடுஞ்சாலை வேகத்தில். இவர்களுக்கு ஹேண்ட் கார்டோடு, முழங்கைப் பக்கம் நீண்ட குளிர்கால கிளவுஸும் வேண்டும். அல்லது இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம்; அது இலவசம்.

நீலகிரியிலேயே, கொடைக்கானலிலேயே குடியிருந்து தினமும் காலையில் ஓட்டுகிறவர்: ஹேண்டில் கவர். ஸ்கூட்டர், சின்ன பைக் என்றால் யோசிக்கவே வேண்டாம். அழகைப் பற்றிக் கேலி செய்கிறவர்களிடம், டீக்கடையில் உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

லடாக், ஸ்பிதி: 5,359 மீட்டர் உயரத்துக் கர்துங் லாவில் ஜூலையிலும் பனி விழலாம்; சாலையைக் கடக்கும் ஓடைகளில் கிளவுஸ் நனைவது உறுதி. பெரிய வண்டி, நாள்கணக்கில் பயணம் என்பதால் சூடாகும் கிரிப்புக்கு இங்கேதான் நியாயம் இருக்கிறது. ஹேண்ட் கார்டு கட்டாயம், இரண்டு ஜோடி கிளவுஸ் கட்டாயம். வாடகை வண்டி எடுப்பவர்கள் கிரிப்பை மாட்ட முடியாது. கழற்றக்கூடிய கவர் ஒன்றைப் பையில் மடித்து எடுத்துப்போங்கள்.

கடைசியாக, லேசான குளிரிலேயே விரல்கள் சுண்ணாம்பு போல வெளுத்து, பிறகு நீலமாகி, சூடானதும் சிவந்து எரிகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அது ரேனாட் என்ற ரத்தக் குழாய்க் கோளாறாக இருக்கலாம்; ஹேண்டிலின் அதிர்வும் அதைத் தூண்டும். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். சூடாகும் கிளவுஸின் விலை நியாயம்தான் என்று நான் தயங்காமல் சொல்வது அவர்களுக்கு மட்டும்.